சமாளிக்கிற பிள்ளையின் உடம்பு என்ன சொல்கிறது?

"எம்பொண்ணு எதையும் வெளியில காட்டிக்க மாட்டா சார். எவ்வளவு கஷ்டம்னாலும் சமாளிச்சுக்குவா."

பள்ளியில் மாணவர் ஆலோசகராக இருக்கும் எனக்கு, பெற்றோர் கூட்ட நாட்களில் இந்த வரி பழகிப்போன ஒன்று. சொல்கிற அம்மாவின் குரலில் பெருமை இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் தன் பையின் ஜிப்பை இழுப்பதும் மூடுவதுமாக இருப்பாள்.

'சமாளித்தல்' என்ற சொல்லை நாம் ரொம்பச் சாதாரணமாகப் புழங்குகிறோம். அழவில்லை, மார்க் குறையவில்லை, யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை என்றால் பிள்ளை சமாளித்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறோம். அதிலும் நிறத்தாலோ மொழியாலோ மதத்தாலோ வகுப்பில் தனித்துத் தெரிகிற பிள்ளை என்றால், "அடிபட்டு வளர்ந்தது, தாங்கிக்கும்" என்று ஒரு நம்பிக்கை வேறு. அந்த நம்பிக்கை பாதிதான் சரி. மீதிப் பாதி தெரியாமல் போவதால் பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம். அதை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

உதாரணங்களுக்குப் பெரும்பாலும் அமெரிக்கக் கறுப்பினப் பதின்வயதினரிடம் போகப்போகிறேன். ஒரே பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, மனநிலையோடு ரத்த அழுத்தத்தையும் சேர்த்து அளந்த ஆய்வுகள் அங்கே நிறைய நடந்திருக்கின்றன.

## முதலில் சொற்கள்

தமிழில் 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லை இரண்டு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறோம். பரீட்சைக்கு முந்தின நாள் வரும் 'டென்ஷனும்' மன அழுத்தம். வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடு தூக்கம் கெட்டு முடங்கிக் கிடப்பதும் மன அழுத்தம். இரண்டும் வேறு. பின்னது ஒரு நோய். அதை மனச்சோர்வு என்று சொல்வதே நல்லது. இந்தக் கட்டுரையில் மன அழுத்தம் என்றால் முன்னது மட்டும்: சூழல் நம்மிடம் கேட்பது, நம்மால் கொடுக்க முடிந்ததைவிட அதிகமாகத் தோன்றும்போது உடலும் மனமும் போகும் நிலை.

'சிறுபான்மை' என்றதும் இந்தியாவில் மதம்தான் நினைவுக்கு வரும். 1992-ம் ஆண்டு தேசியச் சிறுபான்மையினர் ஆணையச் சட்டம் அப்படிப் பழக்கிவிட்டது. உளவியலில் இந்தச் சொல்லுக்குத் தலை எண்ணுவது மட்டும் கணக்கில்லை. இனவொதுக்கல் காலத் தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள்தான் எண்ணிக்கையில் மிக அதிகம். ஆனால் எந்தப் பள்ளியில் படிக்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்ற விதிகளை எழுதியவர்கள் வெள்ளையர்கள். விதி எழுதும் கை தன்னுடையதாக இல்லாத கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே நமக்கு அந்தப் பொருள் போதும்.

இரண்டையும் சேர்த்தால் 'சிறுபான்மை அழுத்தம்'. எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ள பரீட்சை, நட்பு, வீட்டுப் பிரச்சினைகளுக்கு மேல், ஒரு கூட்டத்தில் பிறந்ததற்காக மட்டும் கூடுதலாக வந்து சேரும் அழுத்தம். ஒருபால் ஈர்ப்பினரைப் பற்றிய ஆய்வுகளில் உருவான கருத்து இது. இலான் மேயர் என்ற உளவியலாளர் 2003-ல் எழுதிய கட்டுரை இதைப் பரவலாக்கியது.

ஒரு தெருவை நினைத்துப் பாருங்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்துதான் கரண்ட். ஆனால் கடைசி வீட்டுக்கு எப்போதும் லோ வோல்டேஜ். டியூப்லைட் கண்சிமிட்டும், மோட்டார் தண்ணீர் இழுக்காது. முதல் வீட்டுக்காரர், "எனக்கும் அதே கரண்ட்தானே, நான் ஓட்டலையா?" என்று கேட்டால் அவர் பொய் சொல்லவில்லை. தன் வீட்டு வோல்டேஜை வைத்துப் பேசுகிறார். அந்தக் கடைசி வீட்டுக்குப் பிறகு திரும்ப வருவோம்.

## நாய் துரத்திய இரவு

ராத்திரி பத்து மணிக்கு டூ வீலரில் வருகிறீர்கள். திருப்பத்தில் ஒரு நாய் குரைத்தபடி பாய்கிறது. நீங்கள் யோசிப்பதற்குள் கால்கள் மேலே தூக்கிக்கொள்கின்றன, கை ஆக்ஸிலரேட்டரை முறுக்குகிறது, நெஞ்சு படபடக்கிறது.

உள்ளே நடந்தது இரண்டு அலை. முதல் அலை அட்ரீனலின்: நொடிகளில் வரும், இதயத்தை வேகப்படுத்தும், தசைகளுக்கு ரத்தத்தைத் தள்ளும். இரண்டாவது அலை கார்ட்டிசோல் என்ற ஹார்மோன். மூளையின் அடிப்பகுதி பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, அது சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளுக்குச் சொல்ல, இப்படிக் கைமாறி வருவதால் கார்ட்டிசோல் மெதுவாகத்தான் ஏறும். உச்சத்துக்கு வர இருபது முப்பது நிமிடம் ஆகும். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி, இப்போதைக்கு அவசரமில்லாத வேலைகளைத் தள்ளிவைக்கும். அழகு என்னவென்றால், ரத்தத்தில் ஏறிய கார்ட்டிசோலே மூளைக்குப் போய் "போதும், நிறுத்து" என்றும் சொல்லும். நாய் போயிற்று, வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தோம், அரைமணி, ஒருமணியில் உடம்பு பழைய நிலைக்கு வந்துவிடும். இதில் கெடுதல் ஒன்றும் இல்லை. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் நாம் பிழைத்திருக்க மாட்டோம்.

இப்போது அதே தெரு, ஆனால் உங்கள் வீட்டுக்கு வேறு வழி கிடையாது. நாய் சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. இரண்டே வாரத்தில் நாய் இல்லாத நாட்களிலும் திருப்பத்துக்கு ஐம்பது அடி முன்பே கால் தயாராகும். நாய் கடித்தது ஒருமுறைகூட இருக்காது. ஆனால் எதிர்பார்த்து எதிர்பார்த்தே உடம்பு தினமும் வேலை செய்கிறது. இந்த எதிர்பார்ப்புக்கு 'விழிப்புநிலை' என்று பெயர். சிறுபான்மைப் பிள்ளைகளின் அழுத்தத்தில் பெரும்பங்கு இதுதான். கடையில் நுழைந்தால் காவலாளி பின்னால் வருவாரா, தன் பெயரை ஆசிரியர் இன்றும் தப்பாக உச்சரித்து வகுப்பு சிரிக்குமா, டிபன் பாக்ஸைத் திறந்தால் யாராவது மூக்கைப் பிடிப்பார்களா. நடக்கிற நாட்கள் குறைவாக இருக்கலாம். தயாராகாத நாள்தான் கிடையாது.

பதின்வயதில் இது இரட்டிப்பாக உறைப்பதற்கும் காரணம் உண்டு. அந்த வயதில் 'நான் யார், என்னைச் சேர்த்துக்கொள்கிறார்களா' என்ற கேள்விதான் உயிர்நாடி. உணர்ச்சியைத் தூண்டும் மூளைப் பகுதிகள் வேகமாக விழித்துவிடுகின்றன. அடக்கி ஆளும் முன்மூளை முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: திடீர் அழுத்தம் வந்துபோகும், உடம்பு மீளும். வரலாம் என்று காத்திருக்கும் அழுத்தம் போவதே இல்லை, அதனால் மீளவும் நேரம் கிடைப்பதில்லை.

## லிட்டில் ராக், 1957

அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில், வெள்ளையர் மட்டும் படித்துவந்த சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழைந்தார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அந்தத் தீர்ப்புக்குத் துணைநின்ற சான்றுகளில், கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியல் தம்பதியின் பொம்மைச் சோதனையும் ஒன்று. நிறம் மட்டும் மாறிய பொம்மைகளைக் கொடுத்து எது நல்ல பொம்மை என்று கேட்டபோது, கறுப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். கிளார்க் தம்பதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவார்கள்.

செப்டம்பர் 4. எலிசபெத் எக்ஃபோர்டுக்கு வயது 15. அன்று எல்லோரும் சேர்ந்து போவதாக ஏற்பாடு. எலிசபெத்தின் வீட்டில் தொலைபேசி இல்லாததால் அவளுக்குத் தகவல் வந்து சேரவில்லை. பள்ளியின் முதல் நாளுக்காக வீட்டிலேயே தைத்த வெள்ளை ஆடையை உடுத்தி, கறுப்புக் கண்ணாடி போட்டு, நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தனியாகப் போனாள். வாசலில் துப்பாக்கியோடு நின்ற, மாநில ஆளுநர் அனுப்பிய படைவீரர்கள் உள்ளே விடவில்லை. பின்னால் வெள்ளையர் கூட்டம் கத்திக்கொண்டு வந்தது. அவள் ஓடவில்லை; நடந்தே போய்த் தெருமுனையில் இருந்த பேருந்து நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். செய்தி சேகரிக்க வந்திருந்த பெஞ்சமின் ஃபைன் என்ற நிருபர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் பார்க்க அழுதுவிடாதே என்றார்.

அந்த நேரத்துக்கு அதைவிட நல்ல யோசனை வேறு இருந்திருக்க முடியாது. அழுதால் கூட்டத்துக்கு இன்னும் வெறி ஏறும். ஆனால் அந்த வாசகத்தையே ஒரு பிள்ளை வருடக்கணக்கில் தனக்குள் சொல்லிக்கொண்டு வாழ்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் நம் கேள்வி.

## மனம் கேட்கும் இரண்டு கேள்விகள்

ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் என்ற இருவர் 1984-ல் ஒரு நூலில் விளக்கியதுதான் இன்றைக்கும் இந்தத் துறையின் அரிச்சுவடி. ஒரு நிகழ்ச்சி நேராக அழுத்தமாக மாறுவதில்லை. நடுவில் மனம் இரண்டு கேள்வி கேட்கிறது. 'இதனால் எனக்கு ஆபத்தா?' 'ஆபத்து என்றால், என்னால் என்ன செய்ய முடியும்?' இந்தக் கேள்விகளுக்கு நொடியில் கிடைக்கும் பதில்தான் 'மதிப்பீடு'. அதன் பிறகு நாம் செய்வதெல்லாம், யோசிப்பது உட்பட, 'சமாளித்தல்'. கவனியுங்கள்: சமாளித்தல் என்பது முயற்சியின் பெயர். ஜெயித்தாலும் தோற்றாலும் அது சமாளித்தல்தான்.

சிறுபான்மைப் பிள்ளைக்கு முதல் கேள்வியே சிக்கல். கட்டுரைக்கு மார்க் குறைந்துவிட்டது. கட்டுரை சுமாராக இருந்ததாலா, எழுதியது நான் என்பதாலா? விளையாட்டு அணியில் எடுக்கவில்லை. ஆட்டம் போதாதா, ஆளைப் பிடிக்கவில்லையா? நேரடியாக வசைபாடினால் கோபம் வரும், முடிந்துவிடும். எது என்று தெரியாதபோது மனம் இரண்டு பக்கமும் மாறி மாறி ஓடுகிறது. 'நீ எல்லாத்தையும் இனப் பிரச்சினையா பார்க்கிற' என்று சொல்பவர்கள், இந்தக் குழப்பம் அந்தப் பிள்ளையே விரும்பி எடுத்துக்கொண்டதுபோலப் பேசுகிறார்கள். எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். பாராட்டைக்கூட அந்தப் பிள்ளையால் சந்தேகமில்லாமல் வாங்கிக்கொள்ள முடிவதில்லை.

## சமாளிக்கும் வழிகள்

பொதுவாக இரண்டு வகை. நிலைமையையே மாற்றப் பார்ப்பது ஒன்று: புகார் கொடுப்பது, படிப்பில் உதவி கேட்பது, கிண்டல் செய்பவனிடம் நேருக்கு நேர் பேசுவது. இதைச் 'சிக்கல்வழிச் சமாளிப்பு' என்போம். நிலைமை அப்படியே இருக்க, அதனால் எழும் உணர்வைக் கையாள்வது இன்னொன்று: தோழியிடம் கொட்டித் தீர்ப்பது, பாட்டு, விளையாட்டு, பிரார்த்தனை, நடந்ததை வேறு கோணத்தில் பார்ப்பது. இது 'உணர்வுவழிச் சமாளிப்பு'.

முதல் வகை வீரம், இரண்டாவது கோழைத்தனம் என்று ஒரு நினைப்பு பரவலாக இருக்கிறது. அது தவறு. மாற்றக்கூடிய நிலைமைக்கு முதல் வகை பொருந்தும். மாற்ற முடியாததற்கு இரண்டாவது. ஒரு பள்ளியின் மனப்பான்மையை 14 வயதுப் பிள்ளை தனியாக மாற்ற முடியாது. அங்கே போய் "ஏன் எதிர்த்துக் கேட்கல?" என்பது, லோ வோல்டேஜுக்கு டியூப்லைட்டைத் திட்டுவதற்குச் சமம்.

உணர்வுவழியிலும் எல்லாம் ஒன்றுபோல இல்லை. இரண்டு பழக்கங்கள் கெடுதலானவை. ஒன்று, முகத்தில் காட்டாமல் விழுங்குவது. உணர்ச்சியை முகத்தில் அடக்கும்போது உள்ளே இருக்கும் வேதனை அப்படியேதான் இருக்கிறது. உடலின் பதற்றம் இன்னும் ஏறுகிறது என்பதைச் சோதனைக்கூடங்களில் அளந்து பார்த்திருக்கிறார்கள். இன்னொன்று, அசைபோடுவது. மாடு தின்றதையே திரும்பத் திரும்ப மெல்வதுபோல, நடந்ததை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே இருப்பது. யோசிப்பதுபோலத் தோன்றும், ஆனால் எந்த முடிவுக்கும் போகாது. மனச்சோர்வுக்குப் போகும் பாதைகளில் இது முக்கியமான ஒன்று. பிள்ளை அந்தப் பாதையில் வெகுதூரம் போய்விட்டதாகத் தோன்றினால் காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 என்ற அரசு மனநல உதவி எண்களில் பேசலாம்.

லிட்டில் ராக் மாணவர்களிடம் எல்லா வகையையும் பார்க்கலாம். அந்த மாதக் கடைசியில், அதிபர் அனுப்பிய ராணுவத்தின் துணையோடு ஒன்பது பேரும் பள்ளிக்குள் போனார்கள். முதலில் ஒவ்வொருவருக்கும் ஒரு ராணுவ வீரர் காவல். ஆனால் வீரர்கள் வகுப்பறைக்குள்ளும் கழிப்பறைக்குள்ளும் வர முடியாது. தள்ளிவிடுவது, பின்னாலிருந்து குதிகாலை உதைப்பது என்று அங்கே எல்லாம் நடந்தது. திருப்பி எதுவும் செய்யக்கூடாது என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்ட விதி. 16 வயது எர்னஸ்ட் கிரீன் பள்ளிப் படிப்பை முடிப்பது ஒன்றே குறி என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். மின்னிஜீன் பிரவுனால் அப்படி இருக்க முடியவில்லை. டிசம்பரில் ஒருநாள் உணவுக்கூடத்தில், தட்டோடு போய்க்கொண்டிருந்த மின்னிஜீனின் வழியில் பையன்கள் நாற்காலிகளை நகர்த்தி மறித்துக்கொண்டே இருந்தார்கள். தட்டிலிருந்த சில்லி, அதாவது இறைச்சியும் பீன்ஸும் போட்ட காரமான கெட்டிக் குழம்பு, கிண்ணத்தோடு அவர்கள் தலையில் கொட்டியது. ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு அங்கே வேலை பார்த்த கறுப்பினப் பணியாளர்கள் கைதட்டினார்கள் என்று எர்னஸ்ட் கிரீன் பின்னாளில் சொன்னார். மின்னிஜீன் தற்காலிகமாக நீக்கப்பட்டார். அடுத்த பிப்ரவரியில், வம்பிழுத்த ஒரு பெண்ணைப் பதிலுக்குத் திட்டியதற்காகப் பள்ளியை விட்டே நீக்கப்பட்டார். "ஒன்று போயிற்று, இன்னும் எட்டு" என்று அச்சிட்ட அட்டைகள் பள்ளியில் சுற்றின.

எர்னஸ்ட் நன்றாகச் சமாளித்தார், மின்னிஜீன் சமாளிக்கத் தவறினார் என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்வதற்கு முன், அமெரிக்காவின் இன்னொரு மாநிலமான ஜார்ஜியாவுக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

## ஸ்டெபிலைசரைத் தொட்டுப் பார்த்தவர்கள்

கடைசி வீட்டுக்காரர் என்ன செய்வார்? ஃபிரிட்ஜுக்கு ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வைப்பார். வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் ஃபிரிட்ஜ் பாட்டுக்கு ஓடும். வந்தவர்கள் எல்லோரும் "ஒரு தொந்தரவும் இல்லையே" என்பார்கள். யாராவது அந்த ஸ்டெபிலைசரின் மேல் கை வைத்துப் பார்த்தால்தான் தெரியும், எவ்வளவு சூடாக இருக்கிறது என்று.

ஜார்ஜியா மாநிலத்தின் கிராமப்புறங்களில் கறுப்பினப் பிள்ளைகள் 443 பேரை, ஜீன் பிராடியும் அவருடைய குழுவினரும் பின்தொடர்ந்தார்கள். பிள்ளைகளுக்கு 11 முதல் 13 வயது இருக்கும்போது ஆசிரியர்களிடம் கேட்டார்கள்: படிப்பு எப்படி, தன்னடக்கம் எப்படி, மற்றவர்களோடு பழக்கம் எப்படி? பிறகு 19 வயதில் மனநிலையையும் உடம்பையும் அளந்தார்கள். ரத்த அழுத்தம், உடல் எடை, இரவில் சேரும் சிறுநீரில் கார்ட்டிசோல் போன்ற ஹார்மோன்களின் அளவு. இவற்றைச் சேர்த்துப் பார்ப்பதற்குத் 'தேய்மானச் சுமை' என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். சமாளித்துச் சமாளித்தே உடலுறுப்புகள் தேய்வதைக் குறிக்க, புரூஸ் மெக்யூவனும் எலியட் ஸ்டெல்லரும் 1993-ல் கொண்டுவந்த கருத்து இது.

2013-ல் வெளியான முடிவு பலரை உலுக்கியது. வறுமையும் நெருக்கடியும் மிகுந்த வீடுகளிலிருந்து வந்து, 'கெட்டிக்காரப் பிள்ளை, பொறுப்பான பிள்ளை' என்று ஆசிரியர்களிடம் பெயர் வாங்கியவர்கள் 19 வயதில் மனதளவில் நன்றாகவே இருந்தார்கள். மனச்சோர்வு குறைவு, தவறான பழக்கங்கள் குறைவு. ஆனால் அதே பிள்ளைகளிடம் தேய்மானச் சுமை அதிகம். வெளியே ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது, ஸ்டெபிலைசர் கொதித்தது. ஆய்வாளர்கள் இதற்கு வைத்த பெயர் 'தோலளவு மீள்திறன்'. அதாவது, மீண்டுவிட்டதுபோல் தெரிவது மேல்தோலில் மட்டும்.

இதன் சாயலை அதற்கு வெகுகாலம் முன்பே பார்த்தவர் ஷெர்மன் ஜேம்ஸ் என்ற ஆய்வாளர். வட கரோலைனாவில் ஜான் ஹென்றி மார்ட்டின் என்ற முதிய கறுப்பின விவசாயியைச் சந்தித்தார். இரண்டாம் வகுப்பு வரைதான் படிப்பு. குத்தகை அடிமைத்தனத்திலிருந்து வெறும் உழைப்பால் மீண்டு, 40 வயதுக்குள் 75 ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரரானவர். ஐம்பது வயதைத் தாண்டியதும் உயர் ரத்த அழுத்தம், மூட்டுவாதம், வயிற்றில் புண். அமெரிக்க நாட்டுப்புறக் கதையிலும் ஒரு ஜான் ஹென்றி உண்டு: நீராவித் துளைப்பு இயந்திரத்தோடு சம்மட்டியால் போட்டி போட்டு ஜெயித்து, ஜெயித்த இடத்திலேயே உயிரை விட்ட தொழிலாளி. பெயர்ப் பொருத்தம் ஜேம்ஸை விடவில்லை. வசதி குறைவாக இருந்து, எதையும் கடும் முயற்சியால் வெல்வேன் என்று வாழ்கிறவர்களிடம் ரத்த அழுத்தம் கூடுதலாக இருப்பதை அவர் அளந்து காட்டினார்.

முயற்சி செய்யாதே என்று இதற்குப் பொருள் கிடையாது. படிப்பும் பொறுப்பும் அந்தப் பிள்ளைகளுக்கு நிஜமாகவே நல்ல எதிர்காலத்தைக் கொடுக்கின்றன. முயற்சிக்கு உடம்பு கொடுக்கும் விலையை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் கோளாறு. எலிசபெத் எக்ஃபோர்டு பின்னாளில் ராணுவத்தில் பணிபுரிந்தார், நன்னடத்தை அதிகாரியாக இருந்தார். நீண்ட காலம் மனச்சோர்வோடு போராடியதைப் பற்றி அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

ஆக, நன்றாகச் சமாளிப்பதும் காயப்படுவதும் ஒரே பிள்ளையிடம் ஒரே நேரத்தில் இருக்கலாம். மார்க் ஷீட்டில் முதலாவது மட்டும்தான் தெரியும்.

## சூட்டைக் குறைப்பது எப்படி

இங்கேதான் நல்ல செய்தி இருக்கிறது. அதே ஜார்ஜியாவில், அதே பிராடியின் குழு, 11 வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் வாரம் ஒருநாள் வீதம் ஏழு வாரம் கூட்டியது. பெற்றோர் ஓர் அறையில், பிள்ளைகள் இன்னோர் அறையில், பிறகு இருவரும் சேர்ந்து. பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான்: பிள்ளை சொல்வதைக் கேட்பது, வீட்டு விதிகளை மாற்றாமல் அன்போடு நடத்துவது, பாகுபாடு நேர்ந்தால் எப்படி எதிர்கொள்வது என்று பிள்ளையோடு பேசுவது. எட்டு வருடம் கழித்து, 19 வயதில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பயிற்சிக்கு வராத குடும்பங்களின் பிள்ளைகளைவிட, வந்தவர்களுக்கு 'அழற்சி' குறைவாக இருந்தது. அழற்சி என்பது நோயெதிர்ப்பு மண்டலம் காரணமில்லாமல் கனன்றுகொண்டே இருப்பது. பிற்காலத்தில் இதயநோய், சர்க்கரை நோய்க்கு வழிவகுப்பது. 2014-ல் இதைப் படித்தபோது ஏழு வாரப் பேச்சு ரத்தத்தில் தெரிகிறதா என்று எனக்கு நம்பவே முடியவில்லை.

பேச்சு என்றால் எந்தப் பேச்சு? தங்கள் கூட்டத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பெற்றோர் பேசுவதில் சில வகைகளை டயான் ஹியூஸ் குழுவினர் 2006-ல் பிரித்துக் காட்டினார்கள். நம் மொழி, நம் சாப்பாடு, நம் முன்னோர் என்று பெருமையைச் சொல்வது ஒன்று. உலகத்தில் பாகுபாடு இருக்கிறது, நேர்ந்தால் இப்படி நட என்று தயார்செய்வது இரண்டாவது. "அவங்க யாரையும் நம்பாதே" என்று அவநம்பிக்கையை ஊட்டுவது இன்னொன்று. பெருமையைக் கேட்டு வளரும் பிள்ளைகளிடம் தன்மதிப்பு கூடுதலாக இருக்கிறது. தயார்செய்வது, பெருமையோடு சேர்ந்து வந்தால் நல்ல கவசம். அது மட்டுமே வந்தால் நாய் வரும் நாய் வரும் என்று சொல்லிச் சொல்லியே பிள்ளையை நடுங்க வைப்பதாகிவிடும். அவநம்பிக்கை பெரும்பாலும் தீமையில்தான் முடிகிறது. எதுவுமே பேசாமல் விடுகிற வீடுகளும் ஏராளம். அந்த மௌனத்தைப் பிள்ளை, 'இது என் தப்புபோல' என்று புரிந்துகொள்கிறது.

கையோடு பிடித்துக்கொள்ள ஒரு வழியும் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் ஸ்டீவன்சன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. அவமானம் நேர்ந்த நொடியில், எனக்குள் என்ன உணர்வு, பத்துக்கு எத்தனை என்று கணக்கிடு. உடம்பில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடி: தொண்டையிலா, வயிற்றிலா? உனக்குள் நீ என்ன சொல்லிக்கொள்கிறாய், என்ன காட்சி வருகிறது என்று கவனி. பிறகு மூச்சை இழு, மெதுவாக விடு. எங்கள் பள்ளியில் இதை முயன்று பார்த்ததில் எனக்குத் தெரிந்தது: பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கஷ்டமே இரண்டாவது படிதான். "எங்கே இருக்கு?" என்று கேட்டால் விழிப்பார்கள். ஒரு பையன் வெகுநேரம் யோசித்துவிட்டு, "கைமுட்டியில சார்" என்றான். அப்போதுதான் தன் கை மூடியிருப்பதை அவனே பார்த்தான்.

வீட்டுக்கு வெளியே இருக்கும் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. கனடாவின் பழங்குடிப் பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாக வீட்டிலிருந்து பிரித்து, தாய்மொழி பேசினால் தண்டிக்கும் உறைவிடப் பள்ளிகளில் அடைத்தார்கள். அதன் காயம் இன்னும் ஆறவில்லை. அங்கே இளையோர் தற்கொலை பெரிய துயரம். மைக்கேல் சாண்ட்லரும் கிறிஸ்டஃபர் லலோண்டும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் 200-க்குச் சற்றுக் குறைவான பழங்குடிச் சமூகங்களை ஆராய்ந்து 1998-ல் எழுதினார்கள். பாதிக்கு மேற்பட்ட சமூகங்களில், ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஆண்டுகளில் ஓர் இளையோர் தற்கொலைகூட இல்லை. துயரம் சில சமூகங்களில்தான் குவிந்திருந்தது. தன்னாட்சி, நில உரிமைக் கோரிக்கை, பள்ளி, மருத்துவம், காவலும் தீயணைப்பும், பண்பாட்டுக் கூடம் என்று ஆறையும் தம் கையில் எடுத்திருந்த சமூகங்களில் அந்த எண்ணிக்கை பூஜ்யம். இதனால்தான் அது என்று அடித்துச் சொல்ல இந்த ஓர் ஆய்வு போதாது. ஆனாலும் கடைசி வீட்டுக்கு ஸ்டெபிலைசர் வாங்கிக்கொடுப்பதோடு, தெருவின் லைனையும் சரிசெய்யலாம் என்ற நினைப்பை எனக்குக் கொடுத்தது இந்த ஆய்வுதான்.

இன்னொரு சுமையையும் சொல்லிவிடுகிறேன். கனடாவிலும் ஐரோப்பாவிலும் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும்: அப்பாவுக்கு வந்த அரசாங்கக் கடிதத்தைப் 12 வயதில் படித்துப் பொருள் சொன்னது, டாக்டரிடம் அம்மாவின் வலியை மொழிபெயர்த்தது. இதில் பிள்ளைக்குப் பெருமையும் உண்டு, பாரமும் உண்டு. "உன்னாலதான் இன்னைக்கு வேலை முடிஞ்சுது" என்று ஒரு வார்த்தை வீட்டில் விழுந்தால் பெருமைப் பக்கம் தட்டு தாழும்.

## டெய்சி பேட்ஸின் கூடம்

லிட்டில் ராக்கின் ஒன்பது பேருக்கும் ஒரு வீடு இருந்தது. கறுப்பினத்தவர் உரிமைச் சங்கத்தின் மாநிலத் தலைவி டெய்சி பேட்ஸின் வீடு. பள்ளிக்குப் போகும் முன் அங்கே கூடுவார்கள். பள்ளி விட்டதும் திரும்ப அங்கே வருவார்கள். பள்ளியில் திருப்பித் திட்டக்கூடாது, அழக்கூடாது, முகத்தில் எதுவும் காட்டக்கூடாது. அந்தக் கூடத்தில் அன்றைக்கு யார் தள்ளினார்கள், என்ன சொன்னார்கள் என்று பேசலாம். சென்ட்ரல் பள்ளியில் மாணவர்கள் சுமார் 1,900 பேர். அந்த ஒன்பது பேருக்கும் மூச்சு விட இடம் இருந்தது இங்கேதான்.

1958 மே மாதம் நடந்த பள்ளி நிறைவு விழாவில் எர்னஸ்ட் கிரீன் சான்றிதழ் வாங்கினார், அந்தப் பள்ளியில் படிப்பை முடித்த முதல் கறுப்பின மாணவர். பார்வையாளர்களில் ஒருவராக மார்ட்டின் லூதர் கிங் உட்கார்ந்திருந்தார்.

'சமாளிக்கத் தெரியாத' மின்னிஜீன் நியூயார்க்குக்குப் போனார். கதவைத் திறந்தவர்கள், பொம்மைச் சோதனை நடத்திய அதே கென்னத் கிளார்க்கும் மேமி கிளார்க்கும். அவர்கள் வீட்டிலேயே தங்கி, அங்கே ஒரு பள்ளியில் சேர்ந்து, 1959-ல் படிப்பை முடித்தார்.